கார் அலாரம் பொருத்தும் முழு வழிகாட்டி: எதை முதலில் செய்வது, எதைக் கடைசிக்கு வைப்பது

அலாரம் வாங்கப் போகிறவர்கள் கடையில் முதலில் கேட்பது "சைரன் எவ்வளவு சத்தம் போடும்?" என்றுதான். சைரன் கத்திக்கொண்டிருக்கும்போதே வண்டியை ஸ்டார்ட் செய்து ஓட்டிப் போக முடியுமா என்று கேட்பவர்கள் குறைவு. முடியும் என்றால், தெருவே விழித்தாலும் வண்டி போய்விடும்.

இந்த வழிகாட்டியின் வரிசை அதை வைத்துத்தான் அமைந்திருக்கிறது. சாவியைப் பாதுகாப்பது, இன்ஜின் ஸ்டார்ட் ஆகாமல் தடுப்பது, சென்சார்களைச் சரியாக அமைப்பது, சைரன், கடைசியாக டிராக்கர். புதிதாகச் செய்பவர்கள் இதைத் தலைகீழாகச் செய்து பணத்தை வீணாக்குகிறார்கள். வயரிங் வேலையை நீங்களே செய்தாலும் சரி, ஆட்டோ எலெக்ட்ரீஷியனிடம் கொடுத்தாலும் சரி, எல்லாப் பகுதிகளையும் படித்துவிடுங்கள். அவர் செய்யும் வேலையைச் சரிபார்க்க வேண்டியவர் நீங்கள்தான்.

1. உங்கள் காரை எப்படி எடுத்துப் போக முடியும் என்று கண்டுபிடியுங்கள்

எல்லாக் கார்களுக்கும் ஒரே பலவீனம் இருப்பதில்லை. எந்த ஓட்டை திறந்திருக்கிறது என்று தெரியாமல் கருவி வாங்கினால், பூட்டிய கதவுக்கே இன்னொரு பூட்டு போடுவீர்கள்.

முதலில் பார்க்க வேண்டியது இம்மொபிலைசர். சாவியின் தலைப்பகுதியில் ஒரு சிறிய சிப் இருக்கும். சாவியைத் திருப்பும்போது கார் அந்தச் சிப்பை விசாரித்து, சரியான பதில் வந்தால்தான் இன்ஜினை ஓடவிடும். ஐரோப்பிய யூனியனில் 1998 முதலும், ஆஸ்திரேலியாவில் 2001 முதலும், கனடாவில் 2007 முதலும் புதிய கார்களுக்கு இது கட்டாயம். அமெரிக்காவில் அப்படிப்பட்ட கட்டாயம் இல்லை. அங்கே விற்கப்பட்ட 2011 முதல் 2021 வரையிலான பல ஹூண்டாய், கியா மாடல்களில் இம்மொபிலைசர் இல்லாததால், சாவித் துவாரத்தின் மூடியைக் கழற்றி யூஎஸ்பி கேபிளின் முனையால் திருப்பியே வண்டிகளைத் திருடினார்கள். காரின் வயதையோ விலையையோ வைத்து "இதில் இருக்கும்" என்று முடிவு செய்யாதீர்கள்.

சோதனை எளிது. சாவியின் தலைப்பகுதியை அலுமினியத் தாளால் நன்றாகச் சுற்றிவிட்டு ஸ்டார்ட் செய்து பாருங்கள். ஸ்டார்ட் ஆகாவிட்டாலோ, ஓரிரு நொடியில் நின்றுவிட்டாலோ இம்மொபிலைசர் வேலை செய்கிறது. ஒன்றுமே நடக்காததுபோல் ஓடினால் அது இல்லை என்று வைத்துக்கொண்டு, 6-ஆம் பகுதிக்குத்தான் முதல் பணத்தைச் செலவிடுங்கள்.

அடுத்தது கீலெஸ் வண்டிகள். சாவி பாக்கெட்டில் இருந்தாலே கதவு திறக்கும், பட்டனை அழுத்தினால் ஸ்டார்ட் ஆகும் வகை. கைப்பிடியைத் தொட்டதும் கார் சுமார் 125 கிலோஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஒரு அழைப்பை அனுப்புகிறது. அந்த அழைப்பு ஒன்றிரண்டு மீட்டர்தான் எட்டும். சாவி அதற்கு 315 அல்லது 433 மெகாஹெர்ட்ஸில் பதில் சொல்கிறது. திருடர்கள் இருவர் வருகிறார்கள். ஒருவர் காரின் அருகே நின்று அந்த அழைப்பைப் பிடித்து அனுப்ப, மற்றவர் வீட்டு வாசலில் நின்று உள்ளே இருக்கும் சாவிக்கு அதைக் கடத்துகிறார். கார் தன் சாவி பக்கத்தில் இருப்பதாக நம்பிவிடுகிறது. இதுதான் ரிலே திருட்டு. இங்கே எந்தக் குறியீடும் உடைக்கப்படுவதில்லை. ஒவ்வொரு முறையும் மாறும் ரோலிங் கோட் இருந்தாலும் இதைத் தடுக்காது.

மூன்றாவது வழி, ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் 16 முள் கொண்ட ஓபிடி போர்ட். சர்வீஸ் சென்டரில் பழுது பார்க்கச் செருகுவது இதில்தான். கண்ணாடியை உடைத்து உள்ளே வருபவர் இதில் கருவியைச் செருகிப் புதிய சாவியைக் காருக்குப் பழக்கிவிட முடியும்.

நான்காவது வழி, காரின் உள் வலையமைப்பான கேன் பஸ்ஸுக்குள் நேரடியாகப் பொய்ச் செய்தி அனுப்புவது. 2022-இல் லண்டனில் இயன் டேபர் என்ற பாதுகாப்பு ஆய்வாளரின் டொயோட்டா ராவ்4 திருடுபோனது. அதை ஆராய்ந்து 2023-இல் கார் வலையமைப்பு நிபுணர் கென் டிண்டல் விளக்கம் வெளியிட்டார். முன்பக்க ஹெட்லைட்டுக்குப் போகும் வயர்களைப் பிடித்து, "சரியான சாவி வந்துவிட்டது" என்ற செய்தியை உள்ளே செலுத்தியிருக்கிறார்கள். இந்த வழியில் வருபவருக்குச் சாவியும் தேவையில்லை, ஓபிடி போர்ட்டும் தேவையில்லை.

இந்த நான்கில் உங்கள் காருக்குப் பொருந்துபவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். இனி வரும் ஒவ்வொரு படியிலும் அந்தக் குறிப்பைத்தான் பார்க்கப் போகிறீர்கள்.

2. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

உங்கள் மாடலுக்கும் ஆண்டுக்கும் உரிய வயரிங் வரைபடம்தான் முதல் தேவை. "இந்தக் கலர் வயர்தான் எல்லா வண்டியிலும்" என்று சொல்பவரை நம்பாதீர்கள். ஒரே மாடலில்கூட ஆண்டுக்கு ஆண்டு நிறம் மாறும்.

டிஜிட்டல் மல்டிமீட்டர், வயர் கிரிம்ப் செய்யும் கருவி, சால்டரிங் அயர்ன், சூடுபடுத்தினால் சுருங்கும் ஸ்லீவ், துணி டேப், பிளாஸ்டிக் டேஷ்போர்டு பாகங்களைக் கீறாமல் கழற்றும் நெம்புகோல், கேபிள் டை. பல்ப் வைத்த டெஸ்ட் லாம்ப்பை நவீன கார்களில் பயன்படுத்த வேண்டாம். அது இழுக்கும் கரண்ட் கணினி யூனிட்டைச் சேதப்படுத்தலாம்.

காரின் இரண்டு சாவிகளும் வேண்டும். ஆடியோ சிஸ்டத்துக்கு ரகசிய எண் இருந்தால் அதுவும் வேண்டும். பேட்டரியைக் கழற்றி மாட்டினால் சில வண்டிகளில் ஆடியோ பூட்டிக்கொள்ளும், பவர் விண்டோவை மறுபடி பழக்க வேண்டியிருக்கும். இன்சூரன்ஸ் நிறுவனத்திடமும் வாரண்டி தருபவரிடமும் முன்கூட்டியே பேசிவிடுங்கள். எந்தெந்த வயரில் கைவைத்தால் வாரண்டி போகும் என்று எழுத்தில் கேட்டு வாங்குவது நல்லது.

இன்னும் ஒரு அளவு தேவை, இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். அலாரம் பொருத்துவதற்கு முன்பே, கார் நிறுத்தியிருக்கும்போது பேட்டரியிலிருந்து எவ்வளவு கரண்ட் போகிறது என்று அளந்து எழுதி வையுங்கள். பூட்டிய உடனே அளந்தால் தப்பான எண் வரும். காரின் கணினிகள் எல்லாம் உறங்க அரை மணி நேரம் வரை ஆகலாம். 50 மில்லிஆம்பியருக்குள் இருந்தால் பரவாயில்லை. பின்னால் பேட்டரி இறங்கினால் குற்றவாளி புது அலாரமா, பழைய கோளாறா என்று இந்த எண்தான் சொல்லும்.

3. முதலில் சாவியைப் பூட்டுங்கள்

இதற்கு ஒரு வயரைக்கூட வெட்ட வேண்டாம். ஆனாலும் கீலெஸ் கார் வைத்திருப்பவருக்கு இதைவிடப் பெரிய பலன் தரும் படி வேறில்லை.

காரின் மெனுவிலோ கையேட்டிலோ கீலெஸ் வசதியை அணைக்கும் வழி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அணைத்துவிட்டு, பட்டனை அழுத்தித் திறக்கும் பழக்கத்துக்கு வாருங்கள். சில புதிய சாவிகள் அசையாமல் சிறிது நேரம் கிடந்தால் தானாகவே உறங்கிவிடும். அல்ட்ரா வைட்பேண்ட் கொண்ட கார்கள் அலை போய்வரும் நேரத்தை அளந்து சாவியின் தூரத்தைக் கணக்கிடுகின்றன. இந்த இரண்டில் ஒன்று உங்கள் காரில் இருந்தால் ரிலே திருட்டுக்கான கதவு பெருமளவு மூடியிருக்கிறது.

எதுவும் இல்லையென்றால் அலை புகாத உலோக இழைப் பை வாங்குங்கள். வாங்கியதும் சோதியுங்கள்: சாவியைப் பையில் போட்டு மூடி, காரின் கைப்பிடிக்கு அருகே பிடித்துக்கொண்டு கதவைத் திறக்கப் பாருங்கள். திறந்தால் பை பயனற்றது. மடித்து மடித்து உள் இழை முறியும் என்பதால் மாதம் ஒருமுறை இந்தச் சோதனையைத் திரும்பச் செய்ய வேண்டும். பொதுவாக நடக்கும் தவறு, ஒரு சாவியைப் பையில் போட்டுவிட்டு இரண்டாவது சாவியை அலமாரியில் வெறுமனே விட்டுவிடுவது. ரிலே கருவிக்கு இரண்டும் ஒன்றுதான்.

பழைய கார் வாங்கியிருந்தால், அதன் நினைவில் எத்தனை சாவிகள் பதிவாகியிருக்கின்றன என்று சர்வீஸ் சென்டரில் கேட்டு, உங்கள் கையில் இல்லாதவற்றை அழிக்கச் சொல்லுங்கள். முந்தைய உரிமையாளரிடம் ஒரு சாவி தங்கியிருந்தால் எந்த அலாரமும் அவரை ஒன்றும் செய்யாது.

பூட்டும்போது ஜாமர் வைத்து ரிமோட் சிக்னலைத் தடுப்பதும் உண்டு. நீங்கள் பூட்டியதாக நினைத்து நடந்துவிடுவீர்கள், கார் திறந்தே இருக்கும். இன்டிகேட்டர் மின்னியதா, கைப்பிடி இழுத்தால் வருகிறதா என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள். கீலெஸ் காராக இருந்தால், சாவி உங்களிடமே இருப்பதால் கைப்பிடியை இழுத்ததும் திறந்துவிடும். அப்படிப்பட்ட கார் வைத்திருப்பவர்கள் இன்டிகேட்டரையும் கண்ணாடி மடிவதையும் கவனித்தால் போதும்.

4. ஓபிடி போர்ட்டை அடைத்துவிடுங்கள்

போர்ட்டின் மேல் திருகிப் பூட்டும் உலோகக் கவசம் கிடைக்கிறது. அதைப் போடுவது சில நிமிட வேலை. இன்னொரு வழி, போர்ட்டை அதன் இடத்திலிருந்து கழற்றி டேஷ்போர்டுக்குள் வேறெங்காவது ஒளித்து வைப்பது. நான் கவசத்தையே பரிந்துரைப்பேன். இடம் மாற்றிய போர்ட்டைச் சர்வீஸ் செய்பவர் தேடிக் களைத்து, கண்ணில் படும் இடத்திலேயே தொங்கவிட்டுவிட்டுப் போவதைப் பார்த்திருக்கிறேன்.

போர்ட்டின் பவர் முள்ளுக்கான ஃபியூஸைக் கழற்றினால் போதும் என்று சிலர் சொல்வார்கள். பல கார்களில் அதே ஃபியூஸ் வேறு பாகங்களுக்கும் போகிறது. தவிர, திருட வருபவர் தன் கருவிக்கு வேறு பவர் கொண்டுவருவது கஷ்டமே இல்லை.

5. அலாரம் யூனிட்டைத் தேர்ந்தெடுப்பது

பெட்டியின் மேல் எழுதியிருக்கும் வசதிகளின் எண்ணிக்கையைப் பார்க்காதீர்கள். நான்கு விஷயங்கள் போதும்.

உங்கள் மாடலின் கேன் பஸ்ஸோடு பேசத் தெரிந்த யூனிட்டா? அப்படியென்றால் கதவு, டிக்கி, பானெட் நிலைகளை இரண்டு வயரிலேயே படித்துக்கொள்ளும், வெட்ட வேண்டிய வயர்கள் குறையும். ஒட்டு குறைந்தால் பின்னாளில் கோளாறும் குறையும். இன்ஜினைத் தடுக்கும் வெளியீடு இருக்கிறதா? ஷாக் சென்சார் லேசான தட்டலுக்கு எச்சரிக்கையும் பலமான அடிக்கு முழு அலாரமும் தரும் இரண்டு நிலை வகையா? அலாரம் எந்த சென்சாரால் அடித்தது என்று பின்னால் சொல்லுமா? இந்தக் கடைசி வசதி இல்லாத அலாரத்தை வாங்கவே வேண்டாம் என்பேன். வீண் அலாரத்தின் காரணத்தைக் கண்டுபிடிக்க அதுதான் ஒரே துணை.

செல்போன் செயலியோடு வரும் அலாரம் என்றால் கூடுதல் கவனம் தேவை. 2019-இல் பிரிட்டனின் கணினிப் பாதுகாப்பு நிறுவனமான பென் டெஸ்ட் பார்ட்னர்ஸின் ஆய்வாளர்கள் இரண்டு பிரபலமான ஸ்மார்ட் அலாரங்களில் பெரிய ஓட்டையைக் கண்டுபிடித்தார்கள். வேறொருவரின் கணக்கைக் கைப்பற்றி, அவர் வண்டி எங்கே இருக்கிறது என்று பார்த்து, அலாரத்தை அணைக்கவே முடிந்தது. நிறுவனங்கள் விரைவாகச் சரிசெய்துவிட்டன. ஆனாலும் செயலிக்குத் தனிக் கடவுச்சொல் வைப்பது, இரண்டு கட்டச் சரிபார்ப்பை இயக்குவது, அப்டேட்களைத் தள்ளிப்போடாமல் இருப்பது உங்கள் பொறுப்பு.

ஆலையிலிருந்தே அலாரத்தோடு வந்த காரா? அதைக் கழற்ற வேண்டாம். அதை இயக்கும் ரிமோட்டோடு சேர்ந்து இயங்கும் கூடுதல் யூனிட் வாங்கினால், அதில் இல்லாத சென்சார்களை மட்டும் சேர்த்துக்கொள்ளலாம்.

6. இன்ஜின் ஸ்டார்ட் ஆகாமல் தடுப்பது

இந்த வேலையின் மையம் இதுதான். அவசரப்படாமல் செய்யுங்கள்.

இங்கே ரிலே என்பது மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச், முன்பு சொன்ன ரிலே திருட்டுக்கும் இதற்கும் தொடர்பில்லை. இன்ஜினைத் தடுக்கும் இந்த ரிலேயை மூன்று இடங்களில் வைக்கலாம்: ஸ்டார்ட்டர் மோட்டார், ஃபியூயல் பம்ப், இக்னிஷன். ஸ்டார்ட்டர் வயரைத் துண்டிப்பதுதான் பாதுகாப்பானது. ஓடிக்கொண்டிருக்கும் இன்ஜினுக்கு ஸ்டார்ட்டர் தேவையில்லை, ஆகவே நடுரோட்டில் ரிலே பழுதானாலும் வண்டி நிற்காது. ஃபியூயல் பம்ப்பிலோ இக்னிஷனிலோ ரிலே வைத்து அது ஓட்டத்தில் கோளாறு செய்தால், பவர் ஸ்டியரிங்கும் பிரேக்குக்கான கூடுதல் விசையும் ஓட்டத்திலேயே கைவிட்டுவிடலாம்.

ஆனால் மேனுவல் கியர் கார்களில் ஒரு சிக்கல் உண்டு. ஸ்டார்ட்டர் இல்லாமலே தள்ளி ஸ்டார்ட் செய்துவிடலாம். சரிவான இடத்தில் நிறுத்தும் பழக்கம் உள்ளவர்களுக்கு இது சின்ன விஷயமில்லை. அவர்கள் ஃபியூயல் பம்ப் பக்கம் போகலாம், ஒரு நிபந்தனையோடு: இக்னிஷன் அணைந்து, அலாரம் பூட்டிய நிலைக்குப் போன பிறகுதான் ரிலே துண்டிக்க வேண்டும். ஓட்டத்தில் துண்டிக்கும் கட்டளையையே யூனிட்டின் அமைப்பில் முடக்கிவிடுங்கள்.

ரிலேயில் 30, 85, 86, 87, 87ஏ என்று ஐந்து கால்கள். 30-க்கும் 87ஏ-க்கும் நடுவே வயரைக் கொண்டுபோனால், ரிலேக்குக் கரண்ட் இல்லாதபோது பாதை இணைந்தே இருக்கும். அலாரம் யூனிட் செத்துப்போனாலும் நீங்கள் நடுவழியில் நிற்க மாட்டீர்கள். 87 வழியாகக் கொண்டுபோனால் நேர்மாறு: யூனிட்டைப் பிடுங்கி எறிந்தாலும் வண்டி ஸ்டார்ட் ஆகாது, ஆனால் யூனிட் பழுதானால் உங்களுக்கும் ஆகாது. யூனிட்டை எளிதில் எட்ட முடியாத இடத்தில் வைக்க முடிந்தால் 87ஏ போதும். முடியாவிட்டால் 87, அதுவும் ஸ்டார்ட்டர் வயரில் மட்டும். இதை எலெக்ட்ரீஷியன் தன் வசதிக்கு முடிவு செய்ய விடாமல் நீங்களே சொல்லுங்கள்.

ரிலே குறைந்தது 30 ஆம்பியர் தாங்க வேண்டும். வெட்டிய வயரைவிட மெல்லிய வயரை இடையில் சேர்த்தால் அது சூடாகும். ரிலே வயர்களைக் காரின் அசல் வயர்கள் போலவே கறுப்புத் துணி டேப்பால் சுற்றுங்கள். பளபளக்கும் சிவப்பு வயர் தொங்கினால் எதை இணைக்க வேண்டும் என்று நாமே காட்டிக்கொடுத்ததாகிவிடும்.

ரிலே திருட்டுக்கும் கேன் பஸ் திருட்டுக்கும் ஆளாகும் மாடல் என்றால், கேன் இம்மொபிலைசர் என்ற தனி வகையைப் பாருங்கள். ஸ்டியரிங்கிலும் டேஷ்போர்டிலும் ஏற்கெனவே இருக்கும் பட்டன்களை நீங்கள் அமைத்த வரிசையில் அழுத்தினால்தான் வண்டி நகரும். அசல் சாவியே கையில் இருந்தாலும் அந்த வரிசை தெரியாமல் ஓட்ட முடியாது. வாங்கும் முன், உங்கள் மாடலில் அது இன்ஜின் கணினியையே தடுக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

ஹைபிரிட், மின்சாரக் கார்களில் பொதுவாகத் துண்டிப்பதற்குத் தனி ஸ்டார்ட்டர் வயர் இருக்காது. அவற்றுக்குக் கேன் இம்மொபிலைசரே சரியான வழி. ஆரஞ்சு நிற உறையுள்ள உயர் மின்னழுத்தக் கேபிள்களின் பக்கம் எந்தக் காரணத்துக்காகவும் போகாதீர்கள்.

7. யூனிட்டை வைக்கும் இடமும் வயரிங்கும்

பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிவிட்டு, கையேடு சொல்லும் நிமிடங்கள் வரை காத்திருங்கள். ஏர்பேக்குக்கான மின்தேக்கியில் மிச்சமிருக்கும் மின்சாரம் வடிய அந்த நேரம் தேவை. மஞ்சள் கனெக்டர் உள்ள வயர்கள் பெரும்பாலும் ஏர்பேக்குடையவை. அவற்றில் ஒட்டு போடுவதும் மல்டிமீட்டர் வைப்பதும் ஆபத்து.

ஸ்டியரிங்குக்குக் கீழே கையை விட்டால் கிடைக்கும் இடத்தில்தான் பெரும்பாலான யூனிட்டுகள் தொங்குகின்றன. வேலை சுலபம் என்பதே காரணம். திருடனுக்கும் அதே சுலபம்தான். இன்ஸ்ட்ருமென்ட் பேனலுக்குப் பின்னால், நாலைந்து பாகங்களைக் கழற்றினால்தான் எட்டும் இடத்தில் வையுங்கள். ஏசி நீர் சொட்டும் இடமும் பெடல் அசையும் பாதையும் வேண்டாம்.

பவர் வயரைப் பேட்டரியிலிருந்து எடுத்தால் பேட்டரி முனைக்கு மிக அருகிலேயே ஃபியூஸ் போட வேண்டும். வழியில் எங்கே வயர் உரசிப் பாடியில் பட்டாலும் ஃபியூஸ்தான் தீயைத் தடுக்கும். ஃபியூஸ் யூனிட்டின் பக்கத்தில் இருந்தால் நடுவிலுள்ள வயர் முழுக்கப் பாதுகாப்பில்லாமல் கிடக்கும்.

எர்த் வயரைப் பெயின்ட் சுரண்டிய உலோகத்தில் தனி போல்ட்டில் முறுக்குங்கள். பெயின்ட்டின் மேல் முறுக்கிய எர்த், அதிர்விலும் ஈரத்திலும் விட்டுவிட்டு இணையும். அதிலிருந்து வரும் வீண் அலாரத்தைச் சென்சாரின் தலையில் போட்டு நாள் கணக்கில் தேடுவார்கள். உறையைக் கிழித்து மாட்டும் கிளிப் கனெக்டர்களையும் தவிர்த்துவிடுங்கள், நாளாவட்டத்தில் தளர்ந்துவிடும். சால்டர் செய்து ஸ்லீவ் போடுவதோ, முறையாகக் கிரிம்ப் செய்வதோ நல்லது.

பானெட்டுக்கு ஒரு பின் சுவிட்ச் அவசியம். பானெட் திறந்தால் பேட்டரியும் சைரனும் கைக்கு எட்டிவிடும். பானெட் திறப்பதே அலாரத்தை அடிக்க வைக்க வேண்டும். சுவிட்சைத் தண்ணீர் வழியும் விளிம்பில் வைத்தால் துருப்பிடித்து, மழை நாளெல்லாம் கத்தும்.

8. சென்சார்களை அமைப்பது

அலாரம் காப்பாற்றுமா, தொல்லையாகுமா என்பது இங்கேதான் தீர்மானமாகிறது. வீணாகக் கத்தும் அலாரத்தை அக்கம்பக்கத்தார் முதலில் பொருட்படுத்த மாட்டார்கள், அப்புறம் உரிமையாளரே அணைத்துவிடுவார். அதனால் உணர்திறனைக் குறைவிலிருந்து தொடங்கி ஏற்றுங்கள். எல்லோரும் அதிகத்தில் வைத்து, தொல்லை தாங்காமல் இறக்குகிறார்கள். அதற்குள் நம்பிக்கை போய்விடுகிறது.

ஷாக் சென்சாரைக் காரின் உலோகச் சட்டத்தோடு அசையாமல் இறுக்க வேண்டும். ஸ்டியரிங் தண்டைத் தாங்கும் உலோகப் பிராக்கெட் நல்ல இடம். ஒட்டும் ஃபோம் டேப்பை நம்பாதீர்கள். வெயிலில் நிற்கும் காரின் சூட்டில் பசை இளகி, சென்சார் தொங்கிப்போய், அதன்பின் ஒவ்வொரு லாரிக்கும் கத்தும்.

பூட்டிவிட்டு, கைமுஷ்டியின் பக்கவாட்டால் கதவுத் தூணில் தட்டிப் பாருங்கள். லேசாகத் தட்டினால் ஒன்றும் ஆகக் கூடாது. நடுத்தரமாகத் தட்டினால் எச்சரிக்கை ஒலி. பலமாகத் தட்டினால் முழு அலாரம். நான்கு மூலைகளிலும் இதைச் செய்யுங்கள். கண்ணாடியில் அடித்துச் சோதிப்பதைப் பார்க்கும்போதெல்லாம் பயமாக இருக்கும், வேண்டாம். பகல் வெயிலில் ஒருமுறை, இரவுக் குளிரில் ஒருமுறை என்று சோதித்தால்தான் அளவு நிலைக்கும்.

உள்ளே அசைவைக் கண்டறியும் அல்ட்ராசோனிக் சென்சார், கண்ணாடியை ஓசையில்லாமல் உடைத்துக் கையை விடுபவரைப் பிடிக்கும். அதற்கு எதிரி காற்றோட்டம். கண்ணாடியை ஒரு விரல் அளவு திறந்துவைத்தாலும், முன் கண்ணாடியில் பொம்மை தொங்கினாலும், பூச்சி ஒன்று உள்ளே மாட்டிக்கொண்டாலும் கத்தும். மைக்ரோவேவ் வகைக்குக் காற்று ஒரு பொருட்டில்லை. ஆனால் அதன் அலை கண்ணாடி வழியாக வெளியேயும் போகும். உணர்திறன் கூடினால் பக்கத்தில் நடந்து போகிறவருக்கெல்லாம் அடிக்கும். மூடிய காருக்கு அல்ட்ராசோனிக், மேற்கூரை திறக்கும் காருக்கு மைக்ரோவேவ் என்று வைத்துக்கொள்ளலாம்.

சாய்வு சென்சார், சக்கரம் கழற்ற ஜாக்கி வைப்பவரையும் தூக்கிப் போகும் வண்டியையும் பிடிக்கும். பூட்டும் கணத்தில் இருக்கும் கோணத்தையே அடிப்படையாக எடுத்துக்கொள்வதால் சரிவில் நிறுத்துவது பிரச்சினை இல்லை. இயந்திர அடுக்கு பார்க்கிங்கிலும் படகில் ஏற்றும்போதும் இதை அணைக்கத் தெரிந்திருக்க வேண்டும். டயரில் மெல்லக் காற்று இறங்கினாலும் இது அடிக்கக்கூடும். நள்ளிரவில் சாய்வு சென்சார் அடித்திருந்தால் டயரையும் பாருங்கள்.

வளர்ப்பு நாயோ வேறு யாராவதோ உள்ளே இருக்கும்போது உள் சென்சார்களை மட்டும் அணைத்துப் பூட்டும் வழி எல்லா நல்ல அலாரங்களிலும் உண்டு. வீட்டில் வண்டி ஓட்டும் எல்லோருக்கும் அதைக் கற்றுக்கொடுங்கள்.

வீண் அலாரம் வந்தால் உணர்திறனில் கைவைப்பதற்கு முன் யூனிட்டின் பதிவைப் பாருங்கள். கதவு என்று காட்டினால் தேய்ந்த கதவு சுவிட்சாக இருக்கும். எதையுமே காட்டாமல் அடித்தால் பேட்டரி பலவீனமா என்று அளந்து பாருங்கள்.

9. சைரன்

தனி பேட்டரி உள்ள சைரன் வாங்குங்கள், வயரை வெட்டினாலும் கத்தும். 110 டெசிபலுக்கு மேல் இருந்தால் போதும். வாயைக் கீழ்நோக்கி வைத்தால் தண்ணீர் தேங்காது. புகைப்போக்கியின் சூடு படாத, வண்டிக்கு அடியிலிருந்து கை எட்டாத இடம் வேண்டும். சைரனோடு வரும் சிறு சாவியைப் பத்திரப்படுத்துங்கள். பேட்டரி மாற்றும்போது அதை வைத்து சைரனை அணைக்காவிட்டால் கேரேஜே அதிரும்.

கண்ணாடியில் ஸ்டிக்கர் ஒட்டலாம், ஆனால் பெட்டியோடு வந்ததை ஒட்ட வேண்டாம். மாடல் பெயர் தெரிந்தால் அதை எப்படி முடக்குவது என்று தேடிக்கொண்டு வருவார்கள். பொதுவாக எச்சரிக்கும் ஸ்டிக்கரும், மினுக்கும் சிறு எல்இடி விளக்கும் போதும்.

10. டிராக்கர்

டிராக்கர் திருட்டைத் தடுக்காது, திருடுபோன பின்பு தேட உதவும். அதனால்தான் இதைக் கடைசியில் வைத்தேன்.

பல நாடுகளில் 2ஜி நெட்வொர்க் மூடப்பட்டுவிட்டது, மூடப்பட்டும் வருகிறது. 4ஜி டிராக்கராகப் பாருங்கள். உள்ளே சொந்த பேட்டரி இருக்க வேண்டும், வெளி மின்சாரம் துண்டானால் உடனே செய்தி அனுப்ப வேண்டும். ஜிபிஎஸ் ஆன்டெனாவுக்கு மேலே பிளாஸ்டிக்கோ துணியோ இருக்கலாம், உலோகத் தகடு இருக்கக் கூடாது. அலாரம் யூனிட்டின் பக்கத்திலேயே டிராக்கரையும் வைத்தால் ஒரே இழுப்பில் இரண்டும் போய்விடும்.

புளூடூத் டேக் ஒன்றைக் கூடுதலாக ஒளித்து வைக்கலாம். ஆனால் அதையே நம்பியிருக்க வேண்டாம். மனிதர்களை யாரும் ரகசியமாகப் பின்தொடரக் கூடாது என்பதற்காக, கூடவே வரும் அந்நிய டேக்கைப் பற்றி அவை அருகிலிருப்பவரின் போனுக்கே எச்சரிக்கை அனுப்பும். திருடனுக்கும் அந்த எச்சரிக்கை போகும்.

சிம்மின் காலாவதித் தேதியைக் காலண்டரில் போடுங்கள். வண்டி போன அன்றுதான் ரீசார்ஜ் தீர்ந்தது தெரிய வரும். வரைபடத்தில் புள்ளி நகர்வதைப் பார்த்து நீங்களே துரத்திப் போகாதீர்கள். இருப்பிடத்தைக் காவல்துறைக்குக் கொடுத்துவிட்டு, ஓடும் வண்டியின் இன்ஜினைத் தொலைவிலிருந்து அணைக்கும் ஆசையையும் அடக்குங்கள். பின்னால் வருபவர்களின் உயிர் அதில் இருக்கிறது.

11. ஒப்படைக்கும் முன் சோதனை

பூட்டிவிட்டு உள்ளேயே உட்காருங்கள். ஒரு நிமிடம் அசையாமல் இருந்துவிட்டுக் கையை ஆட்டுங்கள், அடிக்க வேண்டும். அலாரம் அடிக்கும்போதே சாவி போட்டு ஸ்டார்ட் செய்து பாருங்கள், ஆகக் கூடாது. பேட்டரி முனையைக் கழற்றிப் பாருங்கள், சைரன் கத்த வேண்டும். திரும்ப மாட்டியதும் அலாரம் பூட்டிய நிலையிலேயே எழ வேண்டும். சில யூனிட்டுகள் திறந்த நிலையில் எழும். அப்படியென்றால் பேட்டரியை ஒருமுறை கழற்றி மாட்டுவதே அதற்குச் சாவி ஆகிவிடும். அமைப்பில் மாற்றிவிடுங்கள்.

அலாரத்தை அவசரத்தில் அணைக்கும் ரகசிய எண் ஆலை வைத்ததாகவே இருக்கும், அதை அன்றே மாற்ற வேண்டும். பொருத்துபவர்கள் இதைச் சொல்வதே இல்லை. புது எண்ணைக் கையேட்டில் எழுதி, அந்தக் கையேட்டைக் காரின் டேஷ்போர்டுப் பெட்டியில் வைக்காதீர்கள்.

பிறகு அரை மணி நேரம் விட்டு, பேட்டரி கரண்ட்டை மறுபடி அளந்து, 2-ஆம் பகுதியில் எழுதிவைத்த எண்ணோடு ஒப்பிடுங்கள். 45 ஆம்பியர்-ஹவர் பேட்டரியில் 50 மில்லிஆம்பியர் போனால், முழுதும் காலியாகக் கணக்குப்படி 37 நாள். ஆனால் பாதி இறங்கும்போதே ஸ்டார்ட் ஆவது சந்தேகம் என்பதால் இரண்டரை வாரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். டிராக்கரும் சேர்ந்தால் இன்னும் குறையும். நீண்ட நாள் வண்டியை நிறுத்துபவர்கள் பேட்டரியைப் பராமரிக்கும் சார்ஜர் வாங்கிக்கொள்வது நல்லது.

12. வண்டியை மற்றவரிடம் கொடுக்கும்போது

சர்வீஸுக்கோ பார்க்கிங் ஊழியரிடமோ கொடுக்கும்போது வேலட் மோடில் போட்டுக் கொடுங்கள். அலாரம் உறங்கும், வண்டி வழக்கம்போல ஓடும், ரகசிய எண்ணையோ பட்டன் வரிசையையோ யாருக்கும் சொல்ல வேண்டியிருக்காது. வீட்டுச் சாவிக் கொத்திலிருந்து கார் சாவியைத் தனியாகக் கழற்றிக் கொடுங்கள்.

திரும்ப வாங்கியதும் வேலட் மோடை நீக்கிவிட்டீர்களா என்று பாருங்கள். பல வாரங்கள் அதே மோடில் ஓடும் வண்டிகளைப் பார்க்கிறேன். ரிமோட்டை அழுத்தினால் கதவு பூட்டுகிறது, உரிமையாளர் நிம்மதியாகத் தூங்குகிறார், ஆனால் அலாரம் காவலில் இல்லை. ஓபிடி கவசம் மறுபடி பூட்டப்பட்டிருக்கிறதா, பதிவான சாவிகளின் எண்ணிக்கை கூடியிருக்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடுங்கள். எண்ணிக்கை கூடியிருந்தால் வண்டியை அங்கிருந்து எடுப்பதற்கு முன் கேளுங்கள், கூடுதல் சாவியை உங்கள் கண்முன்னே அழிக்கச் சொல்லுங்கள்.